மான் பொம்மை மேல் எதற்கு அம்பு? பிள்ளைகளின் வில் பயிற்சியில் முப்பரிமாண இலக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வில் பயிற்சி நடக்கும். புதிதாகப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "டிவியில காட்டுவாங்களே, மஞ்சள், சிவப்பு வட்டம் போட்ட போர்டு, அது இல்லையா? எதுக்கு மான் பொம்மைய நிப்பாட்டி வெச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. அந்தப் பொம்மைக்கு முப்பரிமாண இலக்கு என்று பெயர். பிள்ளைகள் வாயில் அது '3டி'. கெட்டியான ஃபோமில் வார்த்து, சாயம் பூசி, கிட்டத்தட்ட நிஜ விலங்கின் அளவிலேயே செய்திருப்பார்கள். மான், காட்டுப்பன்றி, கரடி, வான்கோழி, ஓநாய் என்று பல உருவங்கள் கிடைக்கின்றன. நெஞ்சுப் பக்கத்தில் லேசான பள்ளமாகச் சில வட்டக் கோடுகள் இருக்கும். ஆனால் கிட்டப்போய்த் தடவிப் பார்த்தால்தான் அது தெரியும். அம்பு விடும் இடத்தில் நின்று பார்க்கிறவனுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு மான் நிற்கிறது, அவ்வளவுதான்.

வண்ண வட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் 122 சென்டிமீட்டர் அகல இலக்கை வைக்கிறார்கள். அதன் நடு வட்டம் 12.2 சென்டிமீட்டர். எட்டாத தூரம்தான், ஆனால் எங்கே அடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பளிச்சென்று மஞ்சள் பூசி வைத்திருக்கிறார்கள். தூரமும் முன்கூட்டியே தெரியும். இலக்கும் திரும்பாமல் நேராகவே நிற்கும். மான் பொம்மையில் இவை எதுவும் கிடையாது. அடிக்க வேண்டிய இடத்தைப் பிள்ளையே தேடிப் பிடிக்க வேண்டும், தூரத்தைக் கண்ணாலேயே அளக்க வேண்டும், இந்த நிலையில் அம்பு விடலாமா கூடாதா என்றும் அதுவே தீர்மானிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த மூன்றில் கடைசிதான் பெரிய பாடம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் வில் வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தது. அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அதற்குப் பருவம் உண்டு, உரிமம் உண்டு, இத்தனை மான்தான் என்ற கணக்கும் உண்டு. வில்லுக்கென்றே தனிப் பருவமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பருவம் திறக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் பழக்கம் விட்டுப்போகும். அதனால் முதலில் விலங்குப் படம் அச்சடித்த தாள்களை அடித்துப் பழகினார்கள். பிறகு 1980களில் ஃபோம் விலங்குகள் பரவின. வில் வேட்டைக்காரர்களுக்கான ஐபிஓ என்ற அமைப்பு 1984இல் தொடங்கியது. அதன் போட்டிகளில் 11, 10, 8, 5 என்று புள்ளி கொடுக்கிறார்கள். உலக வில்வித்தைச் சம்மேளனமும் 2003இல் பிரான்சில் முதல் உலக 3டி போட்டியை நடத்தியது. ஆக, இப்போது இது வேட்டைக்காரர்களின் ஒத்திகை மட்டுமில்லை, தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட அறுக்காதவர்களும் உலகப் போட்டிக்குப் போகிறார்கள்.

புள்ளிக் கணக்கு சுலபம். உலகச் சம்மேளனப் போட்டியில் நடுவிலுள்ள சின்ன வட்டத்துக்கு 11, அதைச் சுற்றிய பெரிய வட்டத்துக்கு 10, அதற்கு வெளியே உயிர்நிலைப் பகுதி முழுவதற்கும் 8, உடம்பில் மற்ற எங்கே பட்டாலும் 5. கொம்பிலோ குளம்பிலோ மட்டும் குத்தி உடம்பைத் தொடாவிட்டால் ஒன்றுமே கிடையாது. தூரத்தை எழுதி வைக்க மாட்டார்கள், அளக்கும் கருவிக்கும் அனுமதி இல்லை. கப்பிகள் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு அதிகபட்சம் 45 மீட்டர், கருவிகள் இல்லாத வெறும் வில்லுக்கு 30 மீட்டர். போட்டியைப் பற்றி இது போதும்.

உடம்புக்குள் பார்க்கக் கற்பது

துப்பாக்கிக் குண்டும் அம்பும் வேலை செய்யும் விதம் வேறு. குண்டு தன் வேகத்தாலேயே சதையையும் எலும்பையும் சிதைக்கும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. வேட்டை அம்பின் முனையில் சவரக்கத்தி போல் தீட்டிய அலகுகள் இருக்கும். அது இரத்தக் குழாய்களை அறுத்துக்கொண்டு போவதால்தான் விலங்கு சாகிறது. எனவே அம்பு எங்கே படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு நுரையீரலையும் துளைத்தால் விலங்கு சில விநாடிகளில் விழும். ஒரு சாண் பின்னால் போய்க் குடலில் பட்டால் மணிக்கணக்கில் துடிக்கும், புதருக்குள் ஓடி எங்கேயோ சாகும், யாருக்கும் கிடைக்காது. இந்த ஒரு சாண் வித்தியாசத்துக்காகத்தான் பொம்மையைச் செய்து வைத்து வருடக்கணக்கில் பழகுகிறார்கள்.

வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று சங்கப் புலவர் வன்பரணர் பாடியிருக்கிறார். புலவர் கொஞ்சம் தாராளமாகவே பாடிவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும், அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வில் வேட்டையில் அம்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதுதான் நல்ல அடி. இரண்டு துளை விழுந்தால் இரத்தம் நிறையப் போகும், விலங்கு சீக்கிரம் விழும், தடம் பிடித்துப் போவதும் எளிது. எனவே பிள்ளைக்கு 'எங்கே நுழைகிறது' என்பதோடு 'எங்கே வெளியே வரும்' என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும்.

புதுப் பிள்ளைகள் எல்லாருமே ஒரே மாதிரிதான் அடிப்பார்கள். மான் நிற்கிறது, அதன் நடுவைப் பார்ப்பார்கள், நடுவிலேயே அடிப்பார்கள். போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று அம்பையும் கொத்தாக வயிற்றின் நட்டநடுவில் செருகிவிட்டு, பல்லெல்லாம் தெரிய என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், நடுவுல அடிச்சிட்டேன்ல?"

"நடுவுலதான்மா அடிச்ச. அங்க இருக்கறது குடலு."

முகம் சுருங்கிவிட்டது. மூன்று அம்பும் இவ்வளவு நெருக்கமாகக் குத்தியதே பெரிய திறமை, குறைபட வேண்டியதில்லை என்று சொல்லி, பொம்மைக்குக் கிட்டே கூட்டிப்போனேன். முன்னங்காலின் பின்விளிம்பில் அவள் விரலை வைக்கச் சொன்னேன். "அப்படியே நேரா மேல ஏறு. வயித்துக் கோட்டுல இருந்து முதுகு வரைக்கும் மூணு பங்கா பிரிச்சா, கீழ்ப்பங்கு எங்க முடியுது?" விரல் நின்ற இடத்தில் பள்ளக்கோடு தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு இடம் அதுதான். அங்கே குத்தினால் நுரையீரல், கொஞ்சம் தாழ்ந்தால் இதயம், கொஞ்சம் உயர்ந்தாலும் நுரையீரல். எல்லாப் பக்கமும் ஓரளவு தவறு தாங்கும் இடம் அது. வளர்ந்த மானுக்கு அந்தப் பகுதி ஏறக்குறைய ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான், 20 முதல் 25 சென்டிமீட்டர்.

பிறகு கோட்டுக்குத் திரும்பி வந்ததும் அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது பிள்ளை செய்ய வேண்டியது, அந்த இடத்தில் ஏதாவது ஒரு சின்ன அடையாளத்தைப் பிடித்துக்கொள்வது. சாயம் உரிந்த ஒரு புள்ளி, ஒரு நிழல், மயிர் மாதிரி வரைந்த ஒரு கீற்று, எதுவாகவும் இருக்கலாம். மான் முழுவதையும் பார்த்தால் அம்பு மான் முழுவதிலும் எங்காவது போகும். துரோணர் மரத்தில் வைத்த பொம்மைப் பறவையின் கதையை இங்கே எல்லாப் பயிற்றுநரும் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன். பறவைக்காவது கண் இருந்தது. மானின் விலாவில் கண் மாதிரி எதுவும் கிடையாது.

பன்றி பொம்மை வந்ததும் கணக்கு மாறும். எங்கள் பிள்ளைகளுக்கு அமெரிக்க வெள்ளைவால் மானைவிடக் காட்டுப்பன்றிதான் நெருங்கிய அறிமுகம். இளஞ்செம்பனைக் (பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை) கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போன தடத்தைப் பார்த்தே வளர்கிறார்கள். பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னால் தள்ளியும் தாழ்வாகவும், கிட்டத்தட்ட முன்னங்கால்களுக்கு நடுவிலேயே இருக்கின்றன. முதுகு மயிர் சிலிர்த்து நிற்பதால் உடம்பு உள்ளதைவிட உயரமாகத் தெரியும், கண் ஏமாந்து மேலே போகும். ஆண் பன்றிக்குத் தோளில் குருத்தெலும்பு மாதிரித் தடித்த தோல் வேறு. மானை அடித்துப் பழகிய கை அதே அளவில் பன்றியை அடித்தால் அம்பு பின்னால் விழும். ஒரே நாளில் இரண்டு பொம்மையையும் மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளைக்கு இது வாயால் சொல்லாமலே புரிந்துவிடும்.

பொம்மையைத் திருப்பி வை

இதுவரை சொன்னது விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது. நிஜத்தில் அது எப்படியும் நிற்கும். பொம்மையைக் கொஞ்சம் திருப்பி, பின்பக்கம் நம்மை நோக்கி, தலை அப்பால் இருக்குமாறு வையுங்கள். இப்போது அந்தப் பள்ள வட்டம் இருக்கும் இடத்திலேயே அடித்தால் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் உரசிக்கொண்டு முன்பக்கமாக வெளியே போய்விடும். சரியான அடி விழ வேண்டுமானால் வட்டத்துக்குப் பின்னால், விலாவின் கடைசிப் பகுதியில் நுழைய வேண்டும். இதற்கு வேட்டைக்காரர்கள் சொல்லும் சூத்திரம் எளிது: நுழையும் இடத்தை மறந்துவிடு, எதிர்ப்பக்கத்து முன்னங்காலைக் குறிவை. அம்பு அந்தக் கால் பக்கமாக வெளியேறும்படி நினைத்து விட்டால் வழியில் இருக்க வேண்டியது எல்லாம் தானாக வழியில் இருக்கும்.

பிள்ளைக்கு இதை வாயால் விளக்கினால் ஏறாது. நான் ஒரு நீளமான மூங்கில் குச்சியைப் பொம்மையின் முதுகுக்கு மேல், அம்பு வரும் திசையிலேயே பிடித்துக் காட்டுவேன். பொம்மையைத் திருப்பத் திருப்பக் குச்சி நுழையும் இடம் பின்னால் நகரும், வெளியேறும் இடம் அப்படியே இருக்கும். இரண்டு முறை பார்த்தால் போதும், மூன்றாம் முறை குச்சியை அவர்களே பிடுங்கிக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பொம்மை தயாரிப்பாளர்களோடு சின்னப் பிணக்கு உண்டு. வட்டத்தைப் போட்டிக்காகப் போடுகிறார்கள், தப்பில்லை. ஆனால் வேட்டைக்குப் போகப்போகிற பிள்ளை புள்ளிக்காகவே பழகினால், மான் எப்படித் திரும்பி நின்றாலும் அந்த ஒரே இடத்தைத்தான் தேடும். அதனால் வேட்டைக்கென்று சொல்லித்தரும் நாளில் நான் வட்டத்தைப் பார்த்துப் புள்ளி சொல்வதில்லை. அம்பு உள்ளே எந்த வழியாகப் போனது என்று பிள்ளையே சொல்ல வேண்டும்.

விலங்கு நேருக்கு நேர் நம்மைப் பார்த்து நின்றால்? தோளும் நெஞ்செலும்பும் முன்னால் மறைத்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் வில்லுக்கு அது விடக்கூடாத அடி. முழுக்கப் பின்னால் திரும்பி நின்றாலும் அப்படியே.

தூரம் என்னும் பொல்லாப்பு

பிள்ளைகளின் வில்லிலிருந்து அம்பு ஏறக்குறைய விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் போகும். கேட்க வேகமாகத் தெரிந்தாலும் 20 மீட்டர் போகக் கிட்டத்தட்ட 0.44 விநாடி ஆகிறது. அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்டத்தான் வில்லைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கிறோம். இப்போது மான் உண்மையில் 25 மீட்டரில் நிற்கிறது, பிள்ளை 20 என்று நினைத்து விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு குறிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் கீழே போகும். நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றுக்கடியில் புல்லில் குத்தும், அல்லது காலை உடைக்கும். பெரியவர்களின் வேகமான காம்பவுண்ட் வில்லில், விநாடிக்கு 85 மீட்டர் என்று வைத்தால், அதே தவறுக்கு 8, 9 சென்டிமீட்டர்தான் இறங்கும். ஆக, வில் மெதுவானது என்றால் தூரக் கணிப்பு கூர்மையாக இருக்க வேண்டும், அல்லது கிட்டே போக வேண்டும். பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் சரி.

எங்கள் ஊரில் தூரம் கற்றுக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. செம்பனையை வழக்கமாக முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளி விட்டு நடுவார்கள். ஒரு மரம் தள்ளி என்றால் 9, இரண்டு மரம் தள்ளி என்றால் 18. முதல் சில வாரம் இதை வைத்தே கண்ணைப் பழக்கலாம். ஆனால் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சீக்கிரமே பொம்மையைப் பார்க்காமல் மரத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது பொம்மையைத் திடலின் வெட்டவெளிக்கோ ஓடைக்கு அக்கரைக்கோ மாற்றிவிட வேண்டும். நடுவே பள்ளம் இருந்தால் எல்லாருடைய கணிப்பும் தடுமாறும். சின்ன பொம்மையைப் பெரிய பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னது தள்ளி நிற்பதாகத் தோன்றும். நிழலில் நிற்பதும் தூரமாகவே தெரியும். முதலில் ஒவ்வொருவரும் தூரத்தைச் சத்தமாகச் சொல்லட்டும், பிறகு நாடா பிடித்து அளக்கட்டும். இந்த விளையாட்டுக்கு அம்பே வேண்டாம்.

மேட்டுநிலத்தில் இன்னொன்று. மேலேயோ கீழேயோ சரிவாக விடும்போது கணக்கில் எடுக்க வேண்டியது கிடைமட்டத் தூரத்தைத்தான். 30 டிகிரி சரிவில் 20 மீட்டர் தள்ளி நிற்கும் பொம்மைக்கு 17 மீட்டர் என்று நினைத்து விட வேண்டும். இல்லாவிட்டால் அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த புதிர் மட்டைப் புதிர். 20 மீட்டரில் பொம்மை. பாதி வழியில் ஒரு செம்பனை மட்டை தொங்குகிறது. பார்வைக் கோட்டில் அது இல்லை, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. பொம்மை முழுசாகத் தெரிகிறது. விடலாமா? பெரும்பாலோர் விடலாம் என்பார்கள். அம்பு நேர்க்கோட்டில் போவதில்லை, வளைந்து ஏறி இறங்குகிறது. பிள்ளைகளின் வில் வேகத்தில் பாதி வழியில் அது பார்வைக் கோட்டுக்கு மேலே 24 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். சரியாக மட்டையில் போய் அடிக்கும். ஈர்க்கு ஒன்று இறகை உரசினாலே போதும், அம்பு எங்கேயோ போய்விடும்.

விடாமல் இறக்குவது

எந்தப் பிள்ளை எத்தனை மீட்டர் வரை அடிக்கலாம்? இதற்கு வயதும் கிடையாது, பொதுவான அளவும் கிடையாது. ஒரு காகிதத் தட்டை வையுங்கள். அன்றைய முதல் அம்பு, கை சூடேறாத அம்பு, வாராவாரம் தவறாமல் அந்தத் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுதான் அந்தப் பிள்ளையின் எல்லை. பத்தாவது அம்பில் நன்றாக அடிப்பது கணக்கில் வராது. மான் பத்து அம்புக்கு நிற்காது. ஒருவனுக்கு அது 12 மீட்டராக இருக்கும், அவன் தங்கைக்கு 17ஆக இருக்கும். அண்ணனுக்குப் பொறுக்காதுதான்.

இனி, முதலில் சொன்ன பெரிய பாடம். எங்கள் திடலில் சில நாள் பொம்மைகளை வேண்டுமென்றே கெடுத்து வைப்போம். ஒன்று நேருக்கு நேர் பார்த்து நிற்கும். ஒன்று பாதி புதரில் மறைந்திருக்கும். ஒன்றின் பின்னால் இன்னொரு பொம்மை நிற்கும், அம்பு துளைத்துப் போனால் அதற்கும் படும். ஒன்று எல்லைக்கு அப்பால். ஒன்றின் பின்னால் மண்மேடே இல்லை, அம்பு தவறினால் குலை வெட்டுகிறவர்கள் நடக்கும் பாதைக்குப் போகும். பிள்ளை நாணை இழுத்து, பார்த்து, "விடமாட்டேன்" என்று சொல்லி மெதுவாக இறக்கினால் முழுப் புள்ளி. விட்டால், நடு வட்டத்தில் குத்தினாலும் பூஜ்யம். முதல் நாள் அழுகையே வரும். "நடுவுலதானே அடிச்சேன்!" நடுவில்தான் அடித்தான், மறுக்கவில்லை.

இறக்குவதற்கும் கைப்பழக்கம் வேண்டும். இழுத்த நாணை அம்பில்லாமல் சட்டென்று விட்டால் வில்லின் வளையும் பகுதி விரிசல் விடலாம், பிடித்திருப்பவர் கையையும் காயப்படுத்தலாம். அம்பை இலக்குப் பக்கமே நோக்க வைத்து, இழுத்த கையை மெதுவாக முன்னால் கொண்டுவர வேண்டும். இழுக்கக் கற்ற அன்றே இறக்கவும் கற்றுத்தர வேண்டும்.

பொம்மை சொல்லித்தராதவையும் உண்டு. பொம்மை நகராது. நிஜ மான் நாணின் சத்தத்தைக் கேட்கும். 20 மீட்டர் தூரத்துக்குச் சத்தம் 0.06 விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும், அம்பு வர இன்னும் 0.38 விநாடி இருக்கும். அதற்குள் மான் குனிந்து பாய்வதற்கு முனைந்துவிடும், அம்பு முதுகுக்கு மேலே போகும். அடிபட்ட விலங்கைத் தேடுவதையும் ஃபோம் சொல்லித்தராது. இரத்தம் நுரைத்த இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், கருஞ்சிவப்பென்றால் ஈரல், அம்பில் பச்சையும் நாற்றமும் இருந்தால் குடல், அப்போது பல மணி நேரம் காத்திருந்துதான் பின்தொடர வேண்டும். அமெரிக்காவில் வில் வேட்டைப் பாடத்தில் இதையெல்லாம் தனியாகவே கற்பிக்கிறார்கள். நெஞ்சு படபடப்பதையும் பொம்மையால் கொண்டுவர முடியாது. சிலர் பிள்ளையை ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே அம்பு விடச் சொல்வார்கள். ஓரளவு உதவும்.

நம் நாட்டில்?

இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 716, நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாட, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். முழுப் பாதுகாப்பில் இருக்கும் புலி, தாப்பிர் போன்றவற்றை வேட்டையாடத் தோட்டத்துக்காரனுக்கு எந்த உரிமமும் கிடைக்காது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள். "பன்னிதானே, யாரு கேக்கப்போறா" என்று பிள்ளை கையில் வில்லைக் கொடுத்துக் காட்டோரம் அனுப்பும் மாமாக்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அவர்களைத் திடல் பக்கம் விடாதீர்கள். எங்களிடம் படிக்கும் பிள்ளைகளில் அனேகமாக யாரும் வேட்டைக்குப் போகப்போவதில்லை. அவர்களுக்கு இது 3டி போட்டிக்கான பயிற்சி, விலங்கின் உடம்பைப் பற்றிய பாடமும்கூட.

ஆனாலும் வேட்டைக் கண்ணோடு சொல்லித்தருவதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. நம் தோட்டங்களில் கம்பிக் கண்ணி வைப்பது பழைய பழக்கம். இப்போது அது குற்றம், தண்டனையும் கடுமை. கண்ணி எந்தக் காலைப் பிடிக்கிறது என்று பார்ப்பதில்லை, பன்றிக்கு வைத்ததில் புலியே மாட்டியிருக்கிறது. எங்கே படும், பின்னால் யார் நிற்கிறார்கள், விடலாமா என்று யோசித்துப் பழகிய பையனிடம் கண்ணியின் கெடுதலைப் பற்றிப் பேசுவது எளிதாக இருக்கிறது. உடனே பிடித்துக்கொள்கிறான்.

என்ன வாங்குவது, எப்படித் தொடங்குவது

வில் இலேசாக இருக்கட்டும். 2002இல் அமெரிக்காவின் கென்டக்கியில் தொடங்கிய பள்ளி வில்வித்தைத் திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகை வில்தான், இழுவிசை 10 முதல் 20 பவுண்டு வரை மாற்றிக்கொள்ளலாம். தூரம் 10, 15 மீட்டர். மானை வேட்டையாட அங்கே பல மாநிலங்கள் 35, 40 பவுண்டு என்று கீழெல்லை வைத்திருக்கின்றன. ஆகவே சின்னப் பிள்ளை அந்தப் பலத்துக்கு வளரும்வரை பொம்மைதான் கதி, அவசரப்பட ஒன்றுமில்லை. பலமான வில்லைக் கொடுத்தால் தோளை வளைத்து, உடம்பை முறுக்கி இழுக்கப் பழகிவிடும். பிறகு அதைத் திருத்த உங்களுக்குத்தான் பாடு.

அதே திட்டத்தின் விசில் முறையை நாங்களும் எடுத்துக்கொண்டோம். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வா, ஒன்று என்றால் விடு, மூன்று என்றால் போய் அம்பை எடு. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் எல்லாரும் உடனே நிறுத்த வேண்டும். செம்பனைக்குள் யார் எந்தப் பக்கம் வருவார் என்று சொல்ல முடியாது, ஆட்டைத் தேடி வரும் பாட்டியிலிருந்து மோட்டாரில் வரும் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வரை. ஐந்து விசில் எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது.

ஃபோம் பொம்மை மலிவில்லை. தொடக்கத்துக்கு அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக்கி, ஓர் அடி கனத்துக்கு அடுக்கி, வார் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அட்டையின் விளிம்புகள் முன்பக்கம் வர வேண்டும், அப்போதுதான் அம்பு இடையில் நுழைந்து நிற்கும். அதன்மேல் மானோ பன்றியோ வெட்டிய பழுப்புத் தாளை ஒட்டிவிடலாம். இதயம், நுரையீரலைத் தாளின் பின்பக்கம் வரைந்து வையுங்கள். அம்பு விட்ட பிறகு தாளைப் புரட்டினால் எதில் பட்டது என்று தெரியும். விலையுயர்ந்த பொம்மைகளில்கூடப் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. தாள் தட்டையானது என்பதால் திருப்பி வைத்துக் கோணம் மட்டும் பழக முடியாது. அதற்கு ஒரு பொம்மை வேண்டும், நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்கலாம். வாங்குவதாக இருந்தால் நெஞ்சுப் பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றும் வகையாகப் பாருங்கள், முதலில் கிழிவது அதுதான். பயிற்சிக்குச் சாதாரண உருண்டை முனையே போதும். அலகு வைத்த வேட்டை முனையைப் பிள்ளைகள் இருக்கும் திடலுக்குள் கொண்டுவரவே கூடாது.

அம்பைப் பிடுங்குவது தனி வேலை. ஃபோமில் வேகமாக நுழையும்போது உரசிச் சூடாகி, ஃபோம் இளகித் தண்டில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பலங்கொண்டு இழுக்க, அம்பு திடீரென்று வந்து பின்னால் நிற்கிறவன் கண்ணைப் பதம் பார்க்கும். ஒரு கையால் பொம்மையை அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, தண்டை அடியோடு பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக்கூடாது. தண்டில் முன்கூட்டியே கொஞ்சம் சோப்பு தடவி வைத்தால் சுலபமாக வரும், பழைய ரப்பர் கையுறைத் துண்டு பிடிக்க நன்றாக இருக்கும். கார்பன் அம்பு என்றால் எடுத்தவுடன் இலேசாக வளைத்து, காதில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். முறுமுறுவென்று சத்தம் வந்தால் விரிசல். அதை மறுபடி நாணில் வைக்கக்கூடாது, அங்கேயே உடைத்துப் போட்டுவிட வேண்டும்.

பொம்மையை வெயிலிலும் மழையிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் வெயிலுக்கு ஃபோம் சீக்கிரம் பொடியாகும், அட்டைக் கட்டுக்குக் கரையான் ஏறும். பயிற்சி முடிந்ததும் தார்ப்பாயில் சுற்றிக் கொட்டகைக்குள், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். மறுவாரம் எடுக்கும்போது கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். துளைகளில் எறும்பு குடியேறியிருக்கும், சில சமயம் அதைவிடப் பெரிய விருந்தாளியும் அடியில் சுருண்டிருக்கும்.